மாற்றிய மூட்டின் பெயர் என்ன?

செயற்கை இடுப்பு மூட்டு வரும் அட்டைப்பெட்டிக்குள் மூட்டின் பாகத்தோடு சில ஸ்டிக்கர்களும் இருக்கும். தயாரித்த நிறுவனம், மாடல், அளவு, தொகுதி எண், காலாவதி தேதி எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். இடுப்பெலும்பில் பதியும் கிண்ணத்துக்கு ஒன்று, கிண்ணத்துக்குள் அமரும் லைனருக்கு ஒன்று, பந்துக்கு ஒன்று, தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டுக்கு ஒன்று. அறுவை முடிந்ததும் தியேட்டரில் அவற்றை உரித்து கேஸ் ஷீட்டில் ஒட்டுகிறார்கள். கேஸ் ஷீட் ஆவண அறைக்குப் போய்விடுகிறது. நோயாளி வீட்டுக்கு எடுத்துப்போகும் டிஸ்சார்ஜ் தாளில் பல நேரம் ‘இடது இடுப்பு முழு மூட்டு மாற்று’ என்ற ஒற்றை வரிதான் இருக்கும். மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டின் நடத்தை விதிகள், உள்நோயாளிகளின் ஆவணங்களை 3 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கின்றன. மூட்டோ 15, 20 ஆண்டுகள் உடம்புக்குள் இருக்கப்போகிறது. காகிதத்தின் ஆயுள் முடிந்து வெகுகாலம் கழித்துத்தான் மூட்டின் ஆயுள் முடிகிறது. அப்போது செய்ய வேண்டிவரும் மறு அறுவை நன்றாக முடியுமா என்பதில் அறுவை மருத்துவரின் கைத்திறனுக்கு இருக்கும் அளவு பங்கு, தொலைந்துபோன இந்தக் காகிதத்துக்கும் இருக்கிறது. அரசு தன் காப்பீட்டுப் பணத்தில் பொருத்தும் ஒவ்வொரு இடுப்பு மூட்டுக்கும் ஆயுள் முழுவதும் தொடரும் ஒரு பதிவேடு வேண்டும். அதை விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களில் தொடங்கவும் வேண்டும்.

முதலில், மறு அறுவையின் பலன் எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். முதல் முறை செய்யும் இடுப்பு மூட்டு மாற்று, நவீன மருத்துவத்தின் மிகச் சிறந்த அறுவைகளில் ஒன்று. ஆஸ்திரேலியா, பின்லாந்து நாடுகளின் பதிவேடுகளைக் கொண்டு ‘லான்செட்’ இதழில் 2019-இல் வெளிவந்த ஆய்வின்படி, பொருத்தப்பட்ட மூட்டுகளில் 89 சதவீதம் 15 ஆண்டுகளும், 70 சதவீதம் 20 ஆண்டுகளும், 58 சதவீதம் 25 ஆண்டுகளும் தாங்குகின்றன. எழுபது வயதில் மாற்றிக்கொண்டவருக்கு அது ஆயுள் முழுவதற்கும் போதும். ஆனால் வயது குறையக் குறையக் கணக்கு மாறுகிறது. பிரிட்டனில் 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, எழுபது வயதுக்கு மேல் மாற்றிக்கொண்டவர்களுக்கு வாழ்நாளில் மறு அறுவை தேவைப்படும் வாய்ப்பு சுமார் 5 சதவீதம் என்றது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் மாற்றிக்கொண்ட ஆண்களுக்கு அது 35 சதவீதம் வரை போகிறது என்றது. மறு அறுவைக்குப் பிறகு என்ன ஆகிறது என்பதை இங்கிலாந்தின் தேசிய மூட்டுப் பதிவேட்டை வைத்து 2022-இல் கணக்கிட்டார்கள். முதல் மறு அறுவை செய்துகொண்டவர்களில் 21 சதவீதம் பேருக்கு 15 ஆண்டுகளுக்குள் இன்னொன்று தேவைப்பட்டது. இரண்டாவது மறு அறுவைக்குப் பின் ஏறத்தாழ அதே விகிதம் 7 ஆண்டுகளில் வந்துவிட்டது. மூன்றாவதற்குப் பின் 3 ஆண்டுகளிலேயே. படி இறங்க இறங்க காலம் பாதி பாதியாகச் சுருங்குவதைக் கவனியுங்கள். முதல் மூட்டு எவ்வளவு சீக்கிரம் கெட்டதோ, அவ்வளவு சீக்கிரம் அடுத்ததும் கெடுகிறது என்பதும் அந்த ஆய்விலேயே இருக்கிறது.

ஏன் இப்படி? தேய்ந்த டயரைக் கழற்றி வேறு போடுவது போல இது நடப்பதில்லை. பந்து லைனருக்குள் ஆண்டுக்குப் பல லட்சம் முறை அசைகிறது. ஒவ்வொரு அசைவிலும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துகள்கள் உதிர்கின்றன. உடம்பு அவற்றை அந்நியப் பொருளாக எடுத்துக்கொண்டு விழுங்கப் பார்க்கிறது; அந்தப் போராட்டத்தில் பக்கத்திலுள்ள எலும்பு அரிக்கப்படுகிறது. எக்ஸ்ரே படத்தில் தண்டைச் சுற்றி முதலில் தலைமயிர் அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு தெரியும். பிறகு அது அகலும். பிறகு எலும்பில் பள்ளங்கள் தெரியும். வலியைப் பொறுத்தவரை, எலும்பு கணிசமாகக் கரையும் வரை நோயாளிக்கு ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். கோடாக இருக்கும்போது திறந்தால் மருத்துவர் கையில் எலும்பு இருக்கிறது. புதிய மூட்டு பிடித்துக்கொள்ள இடம் இருக்கிறது. பள்ளம் விழுந்தபின் திறந்தால் எலும்பு வங்கியிலிருந்து எலும்பு, உலோக அடைப்புகள், நீண்ட தண்டு, சில நேரம் இடுப்புக் கூண்டு எல்லாம் தேவை. ரத்த இழப்பும் தியேட்டரில் கழியும் நேரமும் கூடுகின்றன. மூட்டு விலகுவதும் சீழ் பிடிப்பதும் முதல் அறுவையைவிட மறு அறுவையில் பல மடங்கு அதிகம். சீழ் பிடித்துவிட்டால் பெரும்பாலும் இரண்டு கட்டமாகச் செய்ய வேண்டும்: பழைய மூட்டை எடுத்துவிட்டு மருந்து கலந்த தற்காலிக மூட்டோடு வாரக்கணக்கில் காத்திருந்து, பிறகு புதியதைப் பொருத்த வேண்டும். நாற்று நடவுக்கோ கரும்பு வெட்டுக்கோ போய்ப் பிழைக்கும் குடும்பத்தில், வீட்டில் ஒருவர் படுக்கை, பார்த்துக்கொள்ள இன்னொருவர் என்று இரண்டு கூலி நின்றுபோகும் மாதங்கள் அவை.

மூட்டின் பெயர் தெரியாததால் வரும் கேட்டையும் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். கிண்ணம் எலும்போடு நன்றாக ஒட்டியிருக்கிறது, உள்ளே லைனர் மட்டும் தேய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த நிறுவனம், எந்த மாடல், எந்த அளவு என்று தெரிந்தால், அதே வகை லைனரையும் பந்தையும் வரவழைத்து மாற்றிவிடலாம். எலும்பைத் தொட வேண்டியதில்லை. ஒரு நிறுவனத்தின் லைனர் இன்னொரு நிறுவனத்தின் கிண்ணத்தில் பூட்டாது. ஒரே நிறுவனத்திலும் மாடல் மாறினால் பூட்டாது. தண்டின் கழுத்தில் பந்து அமரும் கூம்பின் அளவும் அப்படித்தான். பெயர் தெரியாவிட்டால் மருத்துவர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டும். ஊகம் தவறினால், எலும்போடு எலும்பாக வளர்ந்துவிட்ட நல்ல கிண்ணத்தையே வளைந்த உளியால் பெயர்த்தெடுக்க நேரும். தண்டு இறுக்கமாகப் பிடித்திருந்தால் தொடை எலும்பில் நீளவாக்கில் ஒரு ஜன்னல் அறுத்துத்தான் வெளியே எடுக்க வேண்டும். பிறகு அந்த எலும்புப் பலகையைக் கம்பி சுற்றிக் கட்ட வேண்டும். சுலபமாக முடிந்திருக்க வேண்டிய வேலை ஒரு ஸ்டிக்கர் இல்லாததால் நாள் முழுக்க நீளும் பெரிய அறுவையாகிறது. மருத்துவர் தவறு செய்யவில்லை, நோயாளியும் அலட்சியம் காட்டவில்லை, அப்படியும் நடக்கிறது.

வெளிநாட்டுப் புள்ளிவிவரத்தை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது என்று சொல்வார்கள். சரிதான், பொருந்தாமல் போவது நம்முடைய நிலைமை இன்னும் கவலைக்குரியது என்ற திசையில்தான். மேலை நாடுகளில் இடுப்பு மூட்டை மாற்றிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் தேய்மானத்தால் வரும் முதியவர்கள். இந்திய இடுப்பு, முழங்கால் அறுவை மருத்துவர் சங்கம் 2006 முதல் தன்னார்வமாகத் திரட்டிய பதிவுகளில், இடுப்பு மாற்றுக்குக் காரணமானவற்றில் ஏறத்தாழ பாதி, பந்துக்கு ரத்த ஓட்டம் நின்று அது நொறுங்கிப்போகும் நோய். அது முப்பது, நாற்பது வயதுக்காரர்களைத் தாக்குவது. ஸ்டீராய்டு, மது, தொடை எலும்பின் கழுத்து முறிவு என்று காரணங்கள் பல. விபத்து முறிவுகளும் இங்கே அதிகம் பேசப்பட வேண்டியவை: சென்னை-திருச்சி நெடுஞ்சாலை விழுப்புரம், திண்டிவனம் இரண்டு ஊர்களையும் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவசச் சிகிச்சை தரும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று, திண்டிவனத்தை அடுத்த மேல்மருவத்தூரில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. விபத்தில் இடுப்பு நொறுங்கிப் பிழைத்த இளைஞருக்கு இருபது ஆண்டுகள் கழித்து என்ன தேவைப்படும் என்பதும் உயிர் காப்பதன் தொடர்ச்சிதான். முதியவர்கள் கதை வேறு. வழுக்கி விழுந்து தொடைக் கழுத்து முறிந்தவர்களுக்குப் பாதி மூட்டு மட்டும் வைப்பது நம் அரசு மருத்துவமனைகளில் நெடுங்கால வழக்கம். ஆஸ்டின் மூர் வகைப் பந்து என்றால் எலும்பு மருத்துவர் எல்லோருக்கும் தெரியும். நடமாட்டமுள்ளவர்களுக்கு அது சில ஆண்டுகளில் கிண்ணத்தைத் தேய்த்து, தண்டும் தளர்ந்து, முழு மூட்டாக மாற்ற வேண்டிவருவதுண்டு. இவற்றோடு, தரையில் சம்மணமிட்டு உண்பது, குந்தி உட்கார்ந்து களை எடுப்பது, குத்துக்காலிட்டுக் கழிவறை போவது எல்லாம் சேர்கின்றன. இந்த வாழ்க்கையில் எந்த மூட்டு எத்தனை ஆண்டு தாங்குகிறது என்பதை ஸ்வீடனின் பதிவேடு நமக்குச் சொல்லாது.

பதிவேடு இல்லாததன் விலையை இந்தியா ஏற்கெனவே ஒருமுறை கொடுத்திருக்கிறது. ஜான்சன் அண்டு ஜான்சனின் துணை நிறுவனமான டீபூய் தயாரித்த ஏ.எஸ்.ஆர். வகை இடுப்பு மூட்டில் உலோகத்தோடு உலோகம் உரசியது. உரசலில் கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் கலந்தன. பிழையை முதலில் காட்டிக்கொடுத்தவை பதிவேடுகள்தான். ஆஸ்திரேலியாவின் பதிவேடு எச்சரித்தபின் 2009 இறுதியில் அந்த நாட்டில் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. இங்கிலாந்தின் பதிவேடு, 5 ஆண்டுகளுக்குள் 12, 13 சதவீதம் மூட்டுகளுக்கு மறு அறுவை தேவைப்படுகிறது என்று காட்டியதும், 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. உலகில் 93,000 பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. இந்தியாவில் சுமார் 4,700 அறுவைகள். மத்திய அரசு 2017-இல் அமைத்த அருண்குமார் அகர்வால் குழு, அவர்களில் சுமார் 3,600 பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை என்றது. இழப்பீடாகக் குறைந்தது 20 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. பிறகு 2018-இல் வகுக்கப்பட்ட சூத்திரம் அதை 30 லட்சத்திலிருந்து ஒரு கோடியே 23 லட்சம் வரை என்று நிர்ணயித்தது. ஆனால் பெயரும் முகவரியும் தெரியாதவருக்கு யார் எந்தச் சூத்திரப்படி பணம் தருவது? பணத்தை விடுங்கள். தன் இடுப்புக்குள் இருப்பது திரும்பப் பெறப்பட்ட மூட்டு என்பதையே அறியாமல், வலியை வயதின் மேல் போட்டுக்கொண்டு நடந்தவர்கள் அந்த 3,600 பேரில் எத்தனை பேரோ. ஆபத்து மிகுந்த உள்பொருத்து கருவிகளைக் கண்காணிக்கத் தனிப் பதிவேடு வேண்டும் என்பது அந்தக் குழுவின் பரிந்துரைகளில் ஒன்று.

இதே போன்ற அடி இங்கிலாந்துக்கு முன்பே விழுந்தது. 3எம் நிறுவனத்தின் ‘கேபிடல்’ என்ற இடுப்பு மூட்டு 1991 முதல் 1997 வரை அங்கே 4,600-க்கும் மேற்பட்டோருக்குப் பொருத்தப்பட்டது, நம் ஏ.எஸ்.ஆர். எண்ணிக்கைக்கு ஏறத்தாழ சமம். அது எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தளர்வது தெரிந்து, 1998-இல் எச்சரிக்கை விடுத்தபோது, யாருக்கு எந்த மூட்டு என்று தேடி மருத்துவமனைகள் திண்டாடின. அந்த நாடு 2003-இல் தேசிய மூட்டுப் பதிவேட்டைத் தொடங்கியதற்கு இந்தத் திண்டாட்டமும் ஒரு காரணம். அடுத்த ஏழே ஆண்டுகளில் அந்தப் பதிவேடும் ஏ.எஸ்.ஆரைப் பிடித்துக்கொடுத்தது. ஸ்வீடன் இன்னும் முன்னோடி. 1979 முதல் ஒவ்வொரு இடுப்பையும் எழுதிவைக்கிறது. மருத்துவமனைக்கு மருத்துவமனை முடிவுகளைத் திருப்பிக் காட்டியதில், தாங்காத மூட்டுகள் தாமாக வழக்கொழிந்தன. அந்த நாட்டில் செய்யப்படும் இடுப்பு மூட்டு அறுவைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான் மறு அறுவையாக இருந்தது. நாடு தழுவிய பதிவேடு இல்லாதிருந்த அமெரிக்காவில் அது ஆறில் ஒன்று. இந்த வித்தியாசம் முழுக்கவும் பதிவேட்டால் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எழுதிவைத்தவர்களுக்குத் தங்கள் தவறு சீக்கிரம் தெரிந்தது.

தமிழ்நாட்டால் இது முடியுமா என்று கேட்பது நம் சொந்த வரலாற்றை மறப்பதாகும். மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்பு தானத்தை 2008 முதல் வரிசை முறைப்படி, அரசும் தனியாரும் ஒரே பட்டியலில் நின்று நடத்திக்காட்டிய மாநிலம் இது. மருந்துக் கொள்முதலை 1994-இல் ஒரே கழகத்தின் கீழ் கொண்டுவந்து மற்ற மாநிலங்களுக்கு வழிகாட்டியதும் இதுதான். சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வயதாகிறது. மூட்டுப் பதிவேட்டுக்குத் தேவையான பாதி விவரம் ஏற்கெனவே அரசின் கையில்தான் விழுகிறது. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-இல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமாகி, 2018-இல் மத்தியத் திட்டத்தோடு இணைந்து, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தரும் ஏற்பாட்டில், அறுவைக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே படமும் ஆவணங்களும் கணினியில் ஏற்றப்பட்டால்தான் பணம் வரும். பணம் பட்டுவாடா ஆனதும் அந்தக் கோப்பு மூடப்படுகிறது. மூடாமல் வைத்திருங்கள் என்பதுதான் என் கோரிக்கை. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 நிலக்கடலை ரகங்களை இந்த வட்டார விவசாயி பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார். எந்த ஆண்டு வந்தது, எந்த மண்ணில் என்ன விளைச்சல், எந்த நோய் தாக்கும் என்று ரகத்துக்கு ரகம் எழுதிவைத்திருக்கிறார்கள். விதைக்குக் கொடுக்கும் அக்கறையை, அதை விதைப்பவரின் இடுப்புக்குள் இருக்கும் உலோகத்துக்கும் கொடுக்கலாம் அல்லவா?

வலி வந்தால் நோயாளி தாமாக வரப்போகிறார், அவரைத் தேடிப் போவானேன் என்ற கேள்வி எழும். இதுதான் எதிர்வாதங்களில் வலுவானது. அறுவை முடிந்து நன்றாக நடப்பவரை ஆண்டுதோறும் எக்ஸ்ரேவுக்கு அழைத்தால் பெரும்பாலானவர்களிடம் ஒன்றும் கிடைக்காது என்பதும் உண்மை. ஆனால் எலும்பு கரையும்போது வலி கடைசியில்தான் வருகிறது என்று மேலே சொன்னேன். வலிக்குக் காத்திருப்பது என்றால் எலும்பு போகட்டும் என்று காத்திருப்பதுதான். ஆண்டுதோறும் எல்லோரையும் அழைக்க வேண்டியதில்லை. முதலாண்டில் ஒன்று, ஐந்தாம் ஆண்டில் ஒன்று, பத்தாம் ஆண்டுக்குப் பின் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என்று படம் எடுத்து முந்தைய படத்தோடு ஒப்பிட்டால் பெரும்பாலான தளர்ச்சியைக் கோடாக இருக்கும்போதே பார்த்துவிடலாம். ஒரு எக்ஸ்ரேவின் செலவையும் எலும்பு கரைந்தபின் செய்யும் மறு அறுவையின் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கணக்கு தானே பேசும். அழைப்பதற்கு ஆளும் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டுபோகும் தன்னார்வப் பெண்களும், வீட்டுக்கே வரும் பிசியோதெரபி மருத்துவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கையிலுள்ள பட்டியலில் ‘இடுப்பு மூட்டு மாற்றியவர்’ என்று ஒரு கட்டம் சேர்த்தால், விக்கிரவாண்டி பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருக்கும் மூதாட்டிக்கும் படம் எடுக்கும் தேதி போய்ச் சேரும்.

மருத்துவர்கள் தரப்பில் ஒரு தயக்கம் உண்டு. அதை மதிக்க வேண்டும். பதிவேடு நாளை குற்றப்பத்திரிகையாக மாறாதா? யாருடைய நோயாளிகளுக்கு அதிகமாக மறு அறுவை என்று ஒரு பட்டியல் வெளியானால், சிக்கலான நோயாளியைத் தொடவே அஞ்சுவார்கள்; சீழ் பிடித்த, எலும்பு கரைந்த, சர்க்கரை முற்றிய ஏழை நோயாளிதான் ஊர் ஊராக அலைவார். இந்த அச்சத்துக்கு இடம் உண்டு என்பதாலேயே பதிவேட்டின் விதிகளைத் தொடக்கத்திலேயே சரியாக எழுத வேண்டும். தனி மருத்துவரின் முடிவுகள் அவருக்கும் அவர் துறைத்தலைவருக்கும் மட்டும் காட்டப்பட வேண்டும். மூட்டு மாடல்களின் முடிவுகள் பொதுவில் வைக்கப்பட வேண்டும். நோயாளியின் வயது, நோய், எலும்பின் நிலை ஆகியவற்றைக் கணக்கில் சேர்க்காமல் எந்த ஒப்பீடும் கூடாது. தாய் இறப்புகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோதும் இதே அச்சம் எழுந்திருக்கும். தண்டிக்காமல் திருத்துவதற்காக ஆராய்ந்ததும் அந்த எண்ணிக்கை இந்த மாநிலத்தில் இறங்கியதற்கு ஒரு காரணம். பதிவேடு நல்ல மருத்துவருக்கு ஒரு பாதுகாப்பும்கூட. மூட்டு தளர்ந்ததற்கு அவர் கை காரணமா, அந்தத் தொகுதியில் வந்த பொருளே காரணமா என்று இன்றைக்கு அவரால் நிரூபிக்க முடியாது.

எங்கே செய்வது என்ற கேள்வி இன்னும் கடினமானது. புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் சுமார் 40 கிலோமீட்டர்தான். சென்னைக்கு ரயிலும் பேருந்தும் ஓயாமல் ஓடுகின்றன. அப்படியிருக்க மாவட்டத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். மறு அறுவையை எல்லா இடத்திலும் செய்ய வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. நேர்மாறாக, அதைச் சில இடங்களில் குவிக்க வேண்டும் என்றே சொல்கிறேன். அரிதாகச் செய்யும் கையைவிட அடிக்கடி செய்யும் கையில் மறு அறுவையின் பலன் கூடுகிறது என்பது பல நாடுகளின் பதிவேடுகளில் தெரியும் செய்தி. வேறு வேறு அளவில் நீண்ட தண்டுகள், எலும்பு வங்கி, நுண்ணுயிரியல் ஆய்வகம், தீவிர சிகிச்சைப் பிரிவு எல்லாம் ஒரே கூரையின் கீழ் வேண்டும். இங்கிலாந்தில் இப்போது சிறு மருத்துவமனைகள் வாரந்தோறும் பெரிய மையத்தோடு காணொலியில் அமர்ந்து ஒவ்வொரு மறு அறுவையையும் விவாதித்து, எதை எங்கே செய்வது என்று முடிவெடுக்கும் வலைப்பின்னல் வளர்ந்துவருகிறது. அதற்குச் சிறு மருத்துவமனையில் யாராவது முதலில் எக்ஸ்ரேயில் அந்தக் கறுப்புக் கோட்டைப் பார்த்திருக்க வேண்டும். விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திண்டிவனத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. கண்டுபிடிப்பதும், படம் எடுப்பதும், அறுவைக்குப் பின் நடக்கப் பழக்குவதும் இங்கே நடக்க வேண்டிய வேலைகள். அறுவை எங்கே என்பதை நோயைப் பொறுத்து முடிவு செய்யலாம். நோயாளியின் கையில் விவரம் இல்லாமல் நாற்பது கிலோமீட்டர் அனுப்பினாலும், நூற்றறுபது கிலோமீட்டர் அனுப்பினாலும் அங்கே இருக்கும் மருத்துவர் அதே ஊகத்தைத்தான் செய்ய வேண்டும்.

செலவு, தனியுரிமை என்ற இரண்டு ஆட்சேபங்களும் உண்டு. புதிய கட்டடமோ கருவியோ இதற்குத் தேவையில்லை; ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஸ்டிக்கரிலுள்ள பார்கோடைப் பதிவு செய்ய ஒருவர், மாநில அளவில் கணக்குப் பார்க்கச் சில புள்ளியியலாளர்கள் போதும். நோயாளியின் ஒப்புதலோடு எழுதி, பெயரை நீக்கிய விவரத்தையே ஆய்வுக்குத் தர வேண்டும். தனியார் மருத்துவமனைகள் ஒத்துழைக்காதே என்றால், காப்பீட்டுப் பணம் வேண்டும் என்போர் பதிவு செய்தாக வேண்டும் என்ற ஒரே நிபந்தனை பெரும்பகுதியைச் சரிசெய்துவிடும். கையிலிருந்து பணம் கட்டுபவர்களை அது எட்டாது என்பது உண்மையான குறை. அதற்குச் சட்டம்தான் வழி. மத்திய அரசு 2015-இல் தொடங்கிய மருத்துவக் கருவிப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறதே என்றும் சொல்வார்கள். அது கெட்டுப்போனதை யாராவது எழுதி அனுப்பினால் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு. பொருத்தப்பட்டவை மொத்தம் எத்தனை என்று தெரியாமல், கெட்டுப்போன எண்ணிக்கையை வைத்து விகிதம் சொல்ல முடியாது.

இதை நாளைக்கே தொடங்கலாம், சென்னையிலிருந்து ஆணை வரும்வரை காத்திருக்காமல். மாவட்டத்தில் இடுப்பு மூட்டு மாற்றும் ஒவ்வொரு மருத்துவமனையும், கேஸ் ஷீட்டில் ஒட்டுவது போக மீதமிருக்கும் ஸ்டிக்கர்களை ஒரு கெட்டி அட்டையில் ஒட்டி நோயாளியிடம் கொடுக்கலாம். பல மூட்டுகளின் பெட்டியில் அதற்கும் சேர்த்தே ஸ்டிக்கர்கள் வருகின்றன. அட்டையின் மேல் எந்தப் பக்கத்து இடுப்பு, அறுவை செய்த தேதி, மருத்துவமனை, சிமென்ட் வைத்ததா இல்லையா என்பதைத் தமிழில் எழுத வேண்டும். கீழே அடுத்த எக்ஸ்ரே எடுக்க வேண்டிய ஆண்டுகள் வரிசையாக, எதிரே முத்திரை குத்தக் கட்டங்கள். ஏற்கெனவே மாற்றிக்கொண்டவர்களும் தங்கள் ஆவணத்தைக் கேட்டுப் பெறலாம். மருத்துவ ஆவணத்தைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று அதே 2002-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. மூன்று ஆண்டு கெடு முடியாதவர்கள் இந்த மாதமே போய்க் கேட்க வேண்டும். கெடு முடிந்தவர்களும் கேட்டுப் பார்க்கலாம், ஆவண அறையில் காகிதம் இன்னும் இருக்கக்கூடும். கிடைத்ததை ரேஷன் அட்டையும் காப்பீட்டு அட்டையும் இருக்கும் அதே பையில் வையுங்கள்.